படிச்சு சொல்லுங்க பாய்

உப்பு டப்பாவின் மேல் "உப்பு" என்று எழுதியிருக்கும். அதைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அவர் குழம்பில் உப்புப் போடுவார். எழுதி ஒட்டியதும் அவர்தான், அந்தச் சமையலறையில் வேறு யாரும் புழங்குவதும் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு வேளையும் டப்பாவைக் கையிலெடுத்து, "உப்பு" என்று அடுப்புக்கே சொல்வதுபோல் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். கல்வராயன் மலையில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் மருந்து கொடுப்பவன், அவர் பிரசவ அறைக்குப் பொறுப்பான நர்ஸ். மழை பிடித்துக்கொண்டு பஸ் நின்றுபோகும் நாட்களில் அவர் குவார்ட்டர்ஸில்தான் எனக்குச் சாப்பாடு. பசியோடு உட்கார்ந்திருக்கும்போது மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், பெருங்காயம் என்று வரிசையாகக் காதில் விழும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ சிஸ்டர்.

அவருடைய சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை அது பேப்பரில் வந்துவிட்டது, அதுவே போதும்.

நான் கள்ளக்குறிச்சிக்காரன். வாப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கடைத்தெருவில் வியாபாரம். குடும்பத்தில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். மலைக்குப் போட்டார்களே என்று வீட்டில் துக்கம் விசாரித்தார்கள். போய்ச் சேர்ந்த மறுநாளே என் ஜன்னலுக்கு முன்னால் இந்த அம்மாள் வந்து நின்றார். கொடுத்த பெட்டியை வாங்கிக்கொள்ளாமல், "இன்னா குடுக்கறீங்க?" என்றார்.

"நீங்க கேட்டதுதான் சிஸ்டர்."

"அது தெரியும். பேரப் படிங்க."

நான் பெட்டியைப் பார்த்துப் பெயரைச் சொன்னேன்.

"பாத்து சொல்லாதீங்க பாய். படிச்சு சொல்லுங்க."

பார்த்துச் சொல்வதற்கும் படித்துச் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பையனை நிற்க வைத்ததுபோல் நிற்க வைக்கிறாரே என்று எரிச்சல்தான் வந்தது. பெட்டியைத் திருப்பி, எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தேன். அதன் பிறகே கையை நீட்டினார். அன்று ஆரம்பித்த வழக்கம் அவர் மலையைவிட்டு இறங்கும்வரை நிற்கவில்லை. இருவருக்கும் நடுவில் அந்தக் கம்பி ஜன்னல் இருந்ததால் பலமுறை தப்பித்தார் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒருநாள் கேலியாகக் கேட்டேன். "எல்லாத்துக்கும் முழுப் பேரு கேக்கறீங்களே, என்ன மட்டும் பாய் பாய்ன்னு கூப்பிடறீங்க. ஊர்ல எத்தனை பாய் இருக்காங்க? மாத்திட மாட்டீங்களா?"

சிரிக்காமலே பதில் சொன்னார். "இந்த மலையில நீங்க ஒருத்தர்தான் பாய். ரெண்டாவதா ஒருத்தர் வரட்டும், அன்னிலேர்ந்து முழுப் பேரு சொல்றேன்."

பஸ்ஸிலும் இதே கதைதான். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் மலைக்கு ஏறும் பஸ் எங்கே நிற்கும் என்று ஆடு மாட்டுக்கும் தெரியும். அவர் முன்னால் போய் நின்று, பலகையை அண்ணாந்து பார்த்து, "கரியாலூர்" என்று படித்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். கண்டக்டர், "இன்னா சிஸ்டர், நேத்து மெட்ராஸ் போன வண்டி மாதிரி தெரியுதா?" என்பார். அவர் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

இப்படி ஒருவர் இருந்தால் முன்பு எப்போதோ பெரிய தவறு ஒன்று நடந்திருக்கவேண்டும், அதனால்தான் இந்தப் பயம் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நானும் வெட்கமில்லாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒண்ணும் ஆவல பாய்," என்றார். "ஆவறதுக்கு முன்னாடிதான பயப்படணும்?"

அவர் பயந்தது முக்கியமாக ஒரு சொல்லுக்கு. ரத்த ஊசி.

பிள்ளை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கு நிற்பதற்காகப் போடும் ஊசி ஒன்று உண்டு. மெத்தில் எர்கோமெட்ரின் என்று வாயில் நுழையாத பெயர். பிறந்த குழந்தைக்கும் ஒரு ஊசி உண்டு, வைட்டமின் கே. குழந்தையின் உடம்பில் எங்கேயும் ரத்தம் கசியாமல் இருப்பதற்காக அது. இரண்டும் விரல்நுனி அளவுள்ள பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். ஆம்பியூல் என்போம். அதில் எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. அவசரத்தில் யார் அவ்வளவு நீளப் பெயரைச் சொல்வார்கள்? ரத்தத்துக்குப் போடுவதுதானே என்று மலையிலும் கீழேயும் பிரசவ அறைகளில் இரண்டையுமே "ரத்த ஊசி" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பெரியவளுக்கு ரத்த ஊசி, சின்னதுக்கு ரத்த ஊசி. தாய்க்குரியதைக் குழந்தைக்குப் போட்டுவிட்டால் குழந்தைக்கு வலிப்பு வரும், மூச்சு நின்றுபோகும்.

அவர் இருக்கும்போது யாராவது "ரத்த ஊசி எடு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. டாக்டரே சொன்னாலும் அசையமாட்டார். "எந்த ரத்த ஊசி?" என்று கேட்டுவிட்டு, முழுப் பெயர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே ஒருத்தி அலறிக்கொண்டிருப்பாள், இவர் இப்படி நிற்பார். டாக்டருக்கு முகம் சிவந்துபோகும். புதிதாக வந்த நர்ஸ்கள் இவரோடு ஒரே ஷிப்டு விழுந்தால் அழுதேவிடுவார்கள். அன்பானவர், தங்கமானவர் என்றெல்லாம் நான் எழுதினால் அது பொய்யாகும். அவரோடு வேலை பார்ப்பது கஷ்டம்.

ஒரு சமயம் இரண்டு மருந்தும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில், ஒரே மாதிரி நீல எழுத்தோடு வந்தன. இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்து கத்தினார்.

"இது இன்னா பாய், ரெட்டப் புள்ள மாதிரி? இத வச்சிக்கினு நான் எப்படிப் பொழைக்கறது?"

"நானா செஞ்சேன்? மேலருந்து வர்றதக் குடுக்கறேன். கோவத்த அங்க எழுதுங்க."

எழுதினார். பதில் வரவில்லை. அதன் பிறகு அவரே ஒரு ஏற்பாடு செய்தார். தாயின் மருந்துகளுக்கு ஒரு ட்ரே, கட்டிலின் தலைமாட்டில். குழந்தையின் மருந்துக்கு இன்னொரு ட்ரே, எதிர்ச் சுவரோரம், குழந்தையைச் சூடாகக் கிடத்தும் மேசைக்குப் பக்கத்தில். நடுவில் கை எட்டாத தூரம் இருக்கவேண்டும். இன்னொன்று, உடைத்த ஆம்பியூல்களை உடனே வீசக்கூடாது. தாயும் பிள்ளையும் அந்த அறையைவிட்டு வார்டுக்குப் போகும்வரை காலிக் கண்ணாடிகள் ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணத்தில் கிடக்கவேண்டும். போகும்போது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். செத்த பாம்பை அடிக்கிறார் என்று நாங்கள் சிரிப்போம்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்றும் அவர் செய்தார். மலைக் கிராமங்களில் பிள்ளை பெறுவதற்கு ஆஸ்பத்திரிக்கு வரும் பழக்கம் கம்மி. ரோடு போய்ச் சேராத ஊர்களுக்கெல்லாம் அவர் நடந்துபோய், மாமியார்களிடம் உட்கார்ந்து பேசி, "என் கையில வுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிவந்தார். அவரை நம்பித்தான் வந்தார்கள். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். மலை ஜனத்துக்கு ஆஸ்பத்திரி என்றால் அந்தச் சிஸ்டர்தான்.

அது நடந்தது ஒரு மழைநாள் பிற்பகல். ஒரே நேரத்தில் இரண்டு பிரசவம். அதில் ஒருத்தி, மரவள்ளி போட்டுப் பிழைக்கும் ஒருவரின் மனைவி. பல தடவை நடந்து போய்ப் பேசி, கடைசியில் சிஸ்டர் தானே கையைப் பிடித்துக் கூட்டிவந்த பெண். பெண் குழந்தை பிறந்தது, நன்றாக அழுதது. மருந்து ஜன்னலில் இருந்த எனக்கே அந்த அழுகை கேட்டது. அதோடு சிஸ்டரின் குரலும் கேட்டது. "வைட்டமின் கே." வழக்கமான ரேடியோ. நான் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

சாத்தி முடிப்பதற்குள் அவர் எதிரே வந்து நின்றார். உள்ளங்கை விரிந்திருந்தது. அதில் கிண்ணத்திலிருந்து எடுத்துவந்த, உடைந்த இரண்டு ஆம்பியூல்கள்.

"படிங்க பாய்."

"விளையாடாதீங்க சிஸ்டர். வண்டி போயிடும்."

"படிங்க."

குரலில் ஏதோ இருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். மெத்தில் எர்கோமெட்ரின். அடுத்ததை எடுத்தேன். அதுவும் மெத்தில் எர்கோமெட்ரின்.

"நல்லாப் படிங்க. ரெண்டாவதும் அதேவா?"

"அதேதான் சிஸ்டர்."

"இந்தத் தாய்க்கு ஒண்ணுதான் போட்டேன்," என்றார். "கொழந்த ட்ரேலேர்ந்து எடுத்தேன் பாய். வைட்டமின் கேன்னு சொல்லிக்கினேதான் போட்டேன். சத்தமா சொன்னேனே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்று எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினேன்.

தாயின் மருந்தைக் குழந்தையின் ட்ரேயில் யார் வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. காலையில் ட்ரேக்களை நிரப்பிய நர்ஸாக இருக்கலாம், சிஸ்டராகவே இருக்கலாம். அவர் அதைக் கேட்கவுமில்லை, பிறரைக் கேட்க விடவுமில்லை. எத்தனையோ வருஷமாக அந்த ட்ரேயில் வைட்டமின் கே தவிர வேறெதுவும் இருந்ததில்லை. கை அங்கே போனதும் வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. கண் எழுத்தின் மேல்தான் இருந்திருக்கும், ஆனால் படிக்கவில்லை. என்னை வருஷக்கணக்காக எந்தப் பழக்கத்துக்காகத் திட்டினாரோ அதையே அன்று அவர் செய்தார். பார்த்துச் சொன்னார்.

உள்ளே ஓடினோம். குழந்தையின் உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. டாக்டர் வயதில் சின்னவர், நல்லவர். முகமூடி வைத்துப் பலூனை அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே, கள்ளக்குறிச்சிக்கு அனுப்ப 108 வண்டிக்குச் சொன்னார். பிறகு சிஸ்டரைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினார்.

"கீழ இருக்கற டாக்டருக்கு நான் போன்ல சொல்லிடறேன் சிஸ்டர். அவங்களுக்குத் தெரிஞ்சா போதும். குடும்பத்துகிட்ட ஒண்ணும் சொல்லவேணாம். மூச்சுத் திணறல்னு சொல்லிக்கலாம்."

"பெத்தவனுக்குத் தெரியவேணாமா?"

"தெரிஞ்சா அந்த ஊர்லேர்ந்து இனிமே ஒருத்தரும் வரமாட்டாங்க. வூட்லயே பெத்துக்குவாங்க. நீங்க நடந்து நடந்து கூட்டிவந்த ஜனம் சிஸ்டர். யோசிச்சுப் பாருங்க."

டாக்டர் சொன்னது தப்பு என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. சிஸ்டரும் சொல்லவில்லை. என் கையிலிருந்த இரண்டு கண்ணாடியையும் வாங்கிப் பஞ்சில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். பஸ் போய்விட்டதால் நானும் அதிலேயே ஏறினேன்.

மலையிறங்கும் அந்த வளைவுகளை நான் எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். அன்றுபோல் நீண்டு நான் பார்த்ததில்லை. வண்டியில் இருந்த உதவியாளர் விடாமல் பலூனை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் குழந்தைக்கு வலிப்பு வந்தது, கை கால் வெட்டி இழுத்தது. அப்பன்காரன் ஓரத்தில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். சேற்றுக் கால். மனைவி மலை ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தாள். "இன்னா ஆச்சு சிஸ்டர், நல்லா அழுதுச்சே," என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

சிஸ்டர் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "உன் கொழந்தைக்குத் தப்பு ஊசி போட்டுட்டேன்பா. அம்மாவுக்குப் போடறத இதுக்குப் போட்டுட்டேன். போட்டது நான்தான், வேற யாருமில்ல."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. வண்டி ஒரு வளைவு திரும்பி முடித்த பிறகுதான் கேட்டான். "தெரியாமயா பண்ணீங்க?"

"படிக்காம பண்ணேன்."

"நீங்க படிச்சவங்கதான சிஸ்டர்?" என்றான் அவன்.

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். சிஸ்டர் குழந்தையின் பாதத்தைப் பிடித்தார், கள்ளக்குறிச்சி வரும்வரை விடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சைப் பிரித்துக் கண்ணாடியை டாக்டரிடம் நீட்டி, மருந்தின் முழுப் பெயரையும், எவ்வளவு போட்டார், எப்போது போட்டார் என்பதையும் ஒப்பித்தார். கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, "போட்டது நான்தாங்க" என்றார். என்ன மருந்து என்று சந்தேகமில்லாமல் தெரிந்ததால் தாமதம் இல்லாமல் வைத்தியம் பார்க்க முடிந்தது என்று அங்கே பிறகு சொன்னார்கள். குழந்தை பல நாள் மிஷினில் இருந்தது. பிழைத்தது. அப்பன் அதைத் துணியில் சுற்றி மலைக்குத் தூக்கிப்போனான். போகும்போது யாரையும் திட்டவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

பேப்பரில் வந்தது. விசாரணை, சஸ்பென்ஷன் எல்லாம் நடந்து, மறுபடி எங்கள் ஆஸ்பத்திரிக்கே அவரை அனுப்பினார்கள். பிரசவ அறைக்குள் விடவில்லை. வாசலில் சீட்டுப் பதிகிற மேசையில் உட்காரவைத்தார்கள். டாக்டர் சொன்னது அங்கேதான் பலித்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு மலைப் பெண்கள் வருவார்கள். கூட வந்த கிழவி கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு கேட்பாள்.

"ஊசி மாத்திப் போட்ட சிஸ்டர் இருக்காங்களா?"

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காததுபோல் விட்டிருப்பார்கள். இவர் மேசையிலிருந்து எழுந்து நின்று, "நான்தான். இருக்கேன்," என்பார். அவர்கள் திரும்பி நடப்பார்கள். மழையில், அந்த வயிற்றோடு, வந்த வழியே. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏன் சிஸ்டர் சொல்றீங்க, உள்ள போறவங்கள நீங்க தொடக்கூடப் போறதில்லயே," என்று ஒருநாள் சண்டை போட்டேன்.

"கேக்கறாங்களே பாய். கேட்டா பேரு சொல்லணும்ல?"

கொஞ்ச நாளில் அவரே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அவர் போன பிறகு பெண்கள் மறுபடி வரத் தொடங்கினார்கள். கிழவிகள் வாசலில் அதே கேள்வியைக் கேட்டார்கள். "போயிட்டாங்க" என்றதும் உள்ளே வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு நல்லதுதான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். கள்ளக்குறிச்சியில் தம்பியின் மெடிக்கல் ஷாப்பில் பகலில் உட்கார்ந்திருப்பேன். சமீபத்தில் ஒருநாள் கடையில் கூட்டமாக இருந்தபோது என் முழுப் பெயரைச் சொல்லி யாரோ கேட்டார்கள். வாப்பா வைத்த பெயரை ஒரு எழுத்து விடாமல் சொல்வதற்கு இப்போது ஊரில் ஆளில்லை. எட்டிப் பார்த்தால் சிஸ்டர். முடி முழுக்க வெளுத்திருந்தது.

"இங்க எல்லாருமே பாய்தான பாய்," என்றார். "அதான் முழுப் பேரு சொன்னேன்."

திருக்கோவிலூரில் இருக்கிறாராம். சர்க்கரை வியாதி. பையிலிருந்து ஈரத்துணி சுற்றிய ஒரு சம்படத்தை எடுத்துத் திறந்தார். உள்ளே இன்சுலின் குப்பி. அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கியது, சீல்கூடப் பிரிக்கவில்லை. அதை என் முன்னால் வைத்தார்.

"படிச்சு சொல்லுங்க பாய்."

"இதுக்கா அவ்ளோ தூரம் பஸ்ல வந்தீங்க? கடைக்காரங்க சொல்லலியா?"

"சொன்னான். பாத்து சொல்றான் பாய்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தேன். பெயர், அளவு, எந்தத் தேதிவரை என்பது எல்லாவற்றையும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "இன்னொருக்கா," என்றார். மறுபடியும் படித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தம்பி என்னை முறைத்தான்.

"கண்ணு நல்லாத்தான இருக்கு சிஸ்டர்? நீங்களே படிக்கலாமே."

"படிக்கறேன் பாய். தெனம் படிக்கறேன். என் வாய் சொல்றத நான் நம்பறதில்ல." இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குப்பியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

மனசுக்குத் தாங்காமல், நல்ல செய்தியாக ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றியது. மலையிலிருந்து வருகிறவர்கள் சொன்னதைச் சொன்னேன். அந்தக் குழந்தை நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது.

அவர் கை நின்றது. "படிக்குதா?" என்றார்.

"படிக்குதாம் சிஸ்டர். வகுப்புல சத்தமா படிக்கச் சொன்னா அந்தப் பொண்ணத்தான் எழுப்பி வுடுவாங்களாம்."

தலையை ஆட்டிக்கொண்டார். பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். திருக்கோவிலூர் வண்டி நின்றிருந்தது, முன்னால் பலகையில் எழுத்து பெரிதாக, பளிச்சென்று இருந்தது. பழைய ஞாபகத்தில் நான் காத்திருந்தேன். அவர் அண்ணாந்து அதைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு படியில் நின்றிருந்த ஒரு பெண்ணிடம் திரும்பி, "இது இன்னா வண்டிம்மா?" என்று கேட்டார்.